தாள் நுழையாத வேலை

ராக்கப்பன் செய்த கதவை யாரும் குறை சொன்னதில்லை. கல்லல் பக்கத்தில் பதினைந்து வருஷம், துபாய் சத்வாவில் மூன்று வருஷம் மரத்தோடு மல்லுக்கட்டியவன். வேலை முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுப்பான். இரண்டு சட்டங்கள் சேரும் இடத்தில் அதன் விளிம்பை வைத்து அழுத்துவான். தாள் மடங்குமே தவிர உள்ளே போகாது. "பாத்துக்கங்க, தாள் நுழையாது" என்பான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். மகன் கலெக்டரானால்கூட ஒரு தகப்பன் அப்படிப் பூரிக்க மாட்டான்.

தாள் நுழையாத வேலைதான் பெரிய வேலை என்று யார் அவனுக்குச் சொன்னார்களோ தெரியாது. சொன்னவன் பாதியைத்தான் சொன்னான். மீதியைக் கற்றுக்கொள்ள ராக்கப்பன் கொடுத்த விலை கொஞ்சநஞ்சம் இல்லை. அதையும் அவன் கையிலிருந்து கொடுக்கவில்லை, இன்னொருத்தர் தலையில் வைத்துக் கொடுத்தான். இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

சத்வாவில் தையல்கடைகள் வரிசையாக நிற்கும் தெருவுக்குப் பின்சந்தில் இருந்தது அந்த மரக்கடை. சோபாவுக்குக் கால், கட்டிலுக்குத் தலைமாடு, வில்லாக்களுக்குக் கதவு என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும். கடைக்கும் ஆட்களின் விசாவுக்கும் பொறுப்பான கஃபீல் அபு சைஃப், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அரபி. மாதத்துக்கு ஒருமுறை வந்து பாலில்லாத சுலைமானி டீ ஒன்று குடித்துவிட்டுப் போவார். மற்றபடி சாவி முதல் சகலமும் மேனேஜர் மீரா சாகிப் கையில். கீழக்கரைக்காரர். அபு சைஃபிடம் இருபத்திரண்டு வருஷம். அரபி வீட்டுப் பெண்டு பிள்ளைகளே 'மீரா எங்கே' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்ப்பார்கள்.

சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் முறை வைத்துக் கூப்பிட மதம் குறுக்கே நிற்பதில்லை. வேலைக்கு வந்த முதல் நாளே மீரா சாகிப் "என்ன மாப்ளே, கல்லலா?" என்றார். "ஆமா மாமா" என்றான் ராக்கப்பன். அன்றிலிருந்து அவர் மாமா, இவன் மாப்பிள்ளை. கடைக்கு மேலே இருந்த ரூமில் அவர் கட்டிலுக்கு எதிர்க்கட்டில்தான் இவனுக்கு.

வளைகுடாவில் இறங்கிய நம்மாள் முதலில் கற்றுக்கொள்ளும் அரபிச் சொல் 'மாலூம்'. தெரியும் என்று அர்த்தம். தெரியாத வேலைக்குத்தான் அதை அதிகம் சொல்ல வேண்டியிருக்கும். 'மாஃபி மாலூம்', அதாவது தெரியாது என்று சொல்லிவிட்டால், மறுநாள் தெரிந்தவன் ஒருத்தன் அந்த இடத்தில் நிற்பான். ராக்கப்பன் மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட மாஃபி சொன்னதில்லை.

2006-ல் நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம், மீரா சாகிப் ஒரு புது வேலையோடு வந்தார். அபு சைஃப் கூட்டாளிகளோடு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறார். அவருடைய பழைய ரைஃபிளின் மரக்கட்டை கைபிடிக்கும் இடத்தில் விரிசல் விட்டுவிட்டது. ஊருக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரரிடம், அதே மாதிரி ரைஃபிளுக்கு வெளிக் கம்பெனி செய்த வால்நட் கட்டை ஒன்று பழசாகக் கிடைத்திருக்கிறது. அதைப் பொருத்த வேண்டும்.

"துப்பாக்கி வேல தெரியுமா மாப்ளே? தெரியலன்னா இப்பவே சொல்லிரு. வேற ஆள் பாப்போம், ஒண்ணும் குத்தமில்ல" என்றார் மீரா சாகிப்.

"என்ன மாமா இப்புடிக் கேக்குறீக? ஊர்ல எத்தனையோ துப்பாக்கிக்குக் கட்டை போட்ருக்கேன்."

எத்தனையோ என்றால் ஒன்று. கொக்குச் சுட வந்த ஒருவனின் நாட்டுத் துப்பாக்கிக்கு வேப்பங்கட்டையில் பிடி போட்டுக் கொடுத்திருந்தான். அது மூன்றாம் நாள் ஒடிந்துபோனது. அந்தக் கதையை அவன் மாமாவிடம் சொல்லவில்லை.

லைசென்ஸ் துப்பாக்கி என்பதால் கடைக்கெல்லாம் கொண்டுவரக்கூடாது. ராக்கப்பன்தான் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜுமைராவில் இருந்த வில்லாவுக்குப் போனான். கார் நிறுத்தும் கொட்டகையில் மேஜை போட்டு, பழைய போர்வை விரித்திருந்தார்கள். அபு சைஃப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றித் தன் நீள அங்கியான கந்தூராவின் பையில் போட்டுக்கொண்டார். அளவு பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் எடுத்துக் கொடுப்பார், உடனே திரும்ப வாங்கிக்கொள்வார்.

வேலை ஒன்றும் சுளுவாக இல்லை. கட்டை அதே மாதிரி ரைஃபிளுக்கு என்றார்களே தவிர, இரும்பு உட்காரும் பள்ளம் இரண்டு இடத்தில் இடித்தது. போல்ட்டின் கைப்பிடி இறங்கும் வெட்டு ஒரு நூல் தள்ளி இருந்தது. அபு சைஃபுக்குக் கை குட்டை, தோளில் வைக்கும் பக்கம் அரை இஞ்சு கூடுதல். ராக்கப்பன் பதறவில்லை. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின் அடியில் தடவினான். கட்டையில் வைத்து அழுத்தி எடுத்தான். இடித்த இடமெல்லாம் கறுப்பாகக் காட்டிக்கொடுத்தது. கறுப்பை மட்டும் உளியால் சுரண்டினான், மறுபடி வைத்தான், மறுபடி சுரண்டினான். இரண்டு நாளில் இரும்பு கட்டைக்குள் அப்படியே போய் உட்கார்ந்தது. அடியில் இருந்த இரண்டு திருகாணிகளையும் முடுக்கியபோது இம்மி அசையவில்லை. நீளத்தைக் குறைத்து, ரப்பர் திண்டை இழைத்துப் பொருத்தினான். அபு சைஃப் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு "ஸைன், ஸைன்" என்று மெச்சினார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்றாம் நாள் மீரா சாகிப் அங்கே இல்லை. அபு சைஃப்தான் அவரைத் தன் குடும்பத்துத் தோட்ட வேலையாக ராஸ் அல் கைமாவுக்கு இரண்டு நாள் அனுப்பியிருந்தார்.

அஸர் தொழுகைக்கு எழுந்த அபு சைஃப், போகிற போக்கில் பையிலிருந்து ஓர் ஐந்து திர்ஹம் நோட்டை எடுத்தார். குழலுக்கும் அதைத் தாங்கும் மரத்துக்கும் நடுவில் அதை முன்முனையில் செருகினார். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பின்னால் இழுத்துக்கொண்டே போனார். நோட்டு எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"ஷூஃப், ராக்கப். ஃபுலூஸ் ரூஹ்" என்றார். பார், நோட்டு போகிறது. பிறகு அந்த இடைவெளியை விரலால் தொட்டு, "ஹாதா லாஸிம். மாலூம்?" என்றார்.

லாஸிம் என்றால் கட்டாயம். இது கட்டாயம், தெரிகிறதா?

ராக்கப்பனுக்குக் காதுமடல் சூடேறிவிட்டது. ஊரில் எத்தனை பேர் முன்னால் தாள் நுழையாததைக் காட்டி மார்தட்டியிருப்பான்! இன்று ஒரு அரபி அவன் வேலைக்குள்ளேயே நோட்டை விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக் காட்டுகிறார். எவனோ முன்னே செய்து வைத்த குழிவு அது, அவன் தொடக்கூட இல்லை. ஆனாலும் கடைசியாகக் கைவைத்தவன் தலையில்தானே விடியும்? இதைச் சரிசெய்வது கட்டாயம் என்கிறார் மனுஷன். இப்படித்தான் அவனுக்குப் புரிந்தது.

"மாலூம், அர்பாப்" என்றான். தெரியும், முதலாளி.

அபு சைஃப் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

தனியாக நின்றபோது ராக்கப்பனுக்கும் ஒரு சந்தேகம் தட்டாமல் இல்லை. அந்த இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தது. தப்பாகக் குடைந்தவன் இவ்வளவு சீராகவா குடைந்திருப்பான்? மாமாவிடம் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தான். எத்தனையோ துப்பாக்கி செய்தேன் என்று அளந்துவிட்டு, இப்போது இதைப் போய்க் கேட்பதா? போனைப் பையிலேயே போட்டுக்கொண்டான்.

மறுநாள் மத்தியானத்துக்குள் அவன் செய்த வேலை இருக்கிறதே, வேலை என்று பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம். தேக்கை வெங்காயச் சருகு போலச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, குழலின் வளைவுக்கு இழைத்து, இரண்டு பக்கமும் இறக்கினான். ஒட்டு வெளியே தெரியக்கூடாது என்று விளிம்புக்கு அரை நூல் கீழே நிறுத்திக் கருஞ்சாயம் பூசினான். மேலே இருந்து பார்த்தால் பழைய இடைவெளியின் நிழல்தான் தெரியும். கடைசியில் தாளை எடுத்து நுழைத்துப் பார்த்தான். மடங்கியது. உள்ளே போகவில்லை.

அபு சைஃப் வெளியே போயிருந்தார். ரைஃபிளைத் துணி உறையில் போட்டு அவர் மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சத்வாவுக்கு வந்தான். அன்று கறிக்குழம்பு இரண்டு கரண்டி கூடவே இறங்கியது.

துப்பாக்கிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் தச்சனுக்குத் தெரியவில்லை. அந்த மாதிரிக் கட்டையில் குழல் மரத்தைத் தொடவே கூடாது. தொட்டால், சூட்டிலும் ஈரத்திலும் மரம் குழலை நெருக்கும், குண்டு விலகும். தொடவில்லை என்று பார்ப்பதற்குத்தான் நோட்டை நுழைப்பார்கள். நோட்டு போனால் வேலை சுத்தம். அபு சைஃப் காட்டியது குறை இல்லை, மெச்சுதல். இந்த இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும், இதில் கைவைத்துவிடாதே என்றிருக்கிறார்.

இது எதுவும் தெரியாமல் போகட்டும். ஐப்பசி மழைக்குக் கதவு இறுகும் என்பது தெரியாத தச்சன் உண்டா? ஈரம் பட்டால் மரம் பூரிக்கும் என்று தெரிந்தே, எத்தனை வீட்டில் கதவுக்குக் கீழே இடம் விட்டு அறுத்திருக்கிறான்! அந்தப் புத்தி அன்று எங்கே போனது என்று பின்னால் அவன் தன்னையே கேட்டுக் கேட்டு மாய்ந்ததுதான் மிச்சம்.

மூன்று வாரம் கழித்து அபு சைஃப் கடைக்கு வந்தார். சுலைமானி வேண்டாம் என்றார். கந்தூராப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதற்குள் கருஞ்சாயம் பூசிய தேக்குச் சீவல்.

நடந்ததை அரபியில் சொன்னார். மீரா சாகிப் முகம் சுண்டச் சுண்ட அதைக் கேட்டார். துபாய் கிளப்பில் மூன்று குண்டு சுட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே விழுந்ததாம். நோட்டை விட்டுத் தானே பார்த்த வேலை என்பதால் அதற்குமேல் அவரும் குடைந்து பார்க்கவில்லை. ஆப்பிரிக்காவில் நான்காம் நாள் நல்ல மழை. பெரிய மான் ஒன்றை நெஞ்சுக்குக் குறிபார்த்தார், குண்டு வயிற்றில் பட்டது. மான் ஓடிவிட்டது. மழையில் ரத்தத்தைத் தேடிக்கொண்டு பொழுது சாயும்வரை நடந்தார்கள், கிடைக்கவில்லை. கூட்டாளி ஒருவர் கட்டையைக் கழற்றிப் பார்த்துக் கத்திமுனையால் இதை நெம்பி எடுத்தாராம். "அந்த உயிர் எங்கே கிடந்து எத்தனை நாள் துடித்ததோ. அல்லாஹ் என்னைத்தானே கேட்பான்?" என்றார் அபு சைஃப். குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் ராக்கப்பனுக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

மீரா சாகிப் சீவலை எடுத்துப் பார்த்தார். இவ்வளவு மெல்லிசாகத் தேக்கைச் சீவ சத்வாவில் வேறு கை கிடையாது. ஒரே ஒரு தடவை ராக்கப்பனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அபு சைஃபிடம் திரும்பி, "அன குல்த்" என்றார்.

நான்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வந்து பார்த்தேன், இடைவெளியை அடைக்கச் சொன்னேன், இவனுக்கு ஒன்றும் தெரியாது, நான் சொன்னதைச் செய்தான் என்று கோவையாகச் சொன்னார். அபு சைஃப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயா, மீரா?" என்று இரண்டாம் முறை கேட்டார். "நான்தான்" என்றார் மீரா சாகிப்.

அபு சைஃப் ராக்கப்பன் பக்கம் திரும்பினார்.

"ஸஹ்?"

உண்மையா? ஒரே ஒரு சொல். இல்லை என்பதற்கும் ஒரே சொல்தான் வேண்டியிருந்தது. அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும். ஊரில் மனைவி ஜோதிமணி நின்று கட்டும் வீடு லிண்டலோடு நிற்கிறது. இதெல்லாம் அந்த ஒரு நொடிக்குள் அவன் மனதில் ஓடியதா, இல்லை, பிறகு சாக்குக்கு அவன் சேர்த்துக்கொண்டதா என்று அவனுக்கே தெரியாது. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"ஸஹ், அர்பாப்."

அபு சைஃப் மீரா சாகிப் முன்னால் கையை நீட்டினார். இடுப்பு பெல்ட்டில் இருபத்திரண்டு வருஷமாகத் தொங்கிய சாவிக்கொத்தைக் கழற்ற மீரா சாகிப்புக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கொக்கி துருப்பிடித்திருந்தது.

ரூமில் ராக்கப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மீரா சாகிப்தான் வந்து தோளில் தட்டினார்.

"விடு மாப்ளே. ஒனக்கு விசா அடிக்கிற நேரம். எனக்கு அர்பாபப் பத்தித் தெரியாதா? கோவம் நாலு நாள்ல எறங்கிரும். அவரே கூப்புட்டு சாவியக் குடுப்பாரு."

"நான் போயி சொல்லிர்றேன் மாமா."

"கிறுக்கனா நீ? இப்பச் சொன்னா ரெண்டு பேருமே பொய்யன்னு ஆயிரும். பேசாம இரு."

பேசாமல் இரு என்று அவர் சொன்னதுதான் தாமதம், ராக்கப்பன் பேசாமல் இருந்தான். அப்பாடா என்றுகூட இருந்தது அவனுக்கு. அந்த 'அப்பாடா'வை நினைத்தால்தான் இன்றும் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

நான்கு நாள் பத்து நாளானது. சாவி வரவில்லை. கடைக்குப் புதிதாக ஒரு மலையாளி மேனேஜர் வந்தார். அந்தக் கடையில் ஆள் எடுக்கும் அதிகாரத்தில் இருந்த மீரா சாகிப், அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு பில் எழுதினார். ராக்கப்பனுக்கு விசா அடித்து வந்தது. பாஸ்போர்ட்டை மீரா சாகிப்தான் பிரித்துப் பார்த்து "அல்ஹம்துலில்லாஹ், மூணு வருசத்துக்குக் கவலையில்ல" என்று கையில் கொடுத்தார். மூன்றாவது வாரம் அவர் தானாகவே அபு சைஃபிடம் போய், விசாவைக் கேன்சல் அடித்துத் தரச் சொல்லிவிட்டு வந்தார். அவரும் மறுக்கவில்லையாம்.

ஊருக்குப் போகும் அட்டைப்பெட்டிகளுக்குக் கயிறு போட்டது ராக்கப்பன்தான். பால்பவுடர், தைலம், அவர் மனைவி ஜுலைஹா பீவிக்கு வாங்கிய போர்வை எல்லாம் அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினான். ஒவ்வொரு முடிச்சுக்கும் இந்த முடிச்சு போட்டதும் எழுந்து ஜுமைராவுக்குப் போய்விடலாம் என்று நினைத்தான். பன்னிரண்டு முடிச்சு போட்டான். எழுந்திருக்கவில்லை. பெட்டிமேல் மார்க்கரால் 'மீரா சாகிப், கீழக்கரை' என்று பெரிய எழுத்தில் எழுதினான். "கையெழுத்து நல்லாருக்கு மாப்ளே" என்றார் அவர்.

விமானம் போன மறுநாள் காலையில் ராக்கப்பன் வில்லாவின் முன்னால் நின்றான். ஆள் போன பிறகு வந்த வீரம் அது. அபு சைஃப் கொட்டகையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார். தெரிந்த அரபியையும் ஹிந்தியையும் கலந்து ராக்கப்பன் கொட்டித் தீர்த்தான். மீரா சாகிப் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவே தெரியாது, நோட்டைக் காட்டியதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், நானே அடைத்தேன்.

அபு சைஃப் கொட்டையைத் துப்பிவிட்டு ஒரே சொல்தான் சொன்னார்.

"மாலூம்."

தெரியும்.

அபு சைஃப் அவனுக்குப் புரிகிற மாதிரி ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். அன்றைக்கு மீராவை ராஸ் அல் கைமாவுக்கு அனுப்பியதே நான்தானே? அவர் எப்படிச் சாயங்காலம் இங்கே வந்து பார்த்திருக்க முடியும்? துப்பாக்கி கெட்டது பெரிதில்லை. உனக்கு என்ன புரிந்தது என்று கேட்காதது என் தப்பும்தான். அதை அன்றே மன்னித்துவிட்டுத்தான் கடைக்கு வந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் மீரா என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதில்லை. இரண்டு முறை கேட்டேன். பிறகு உன்னைக் கேட்டேன். நீ இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உனக்காகச் சொன்ன பொய் என்று சிரித்துவிட்டு மூன்று பேரும் சுலைமானி குடித்திருப்போம். நீயும் ஸஹ் என்றாய். இந்தக் கேட் ஒரு மாதமாகத் திறந்தேதான் இருந்தது, ராக்கப்.

"மீரா பாயை வாப்பஸ் கூப்பிடுங்க அர்பாப்" என்று அழாக்குறையாகக் கேட்டான் ராக்கப்பன்.

அபு சைஃப் ஒன்றும் இனிக்கப் பேசவில்லை. "நேற்று ஏர்போர்ட்டுக்கு முன்னால் இங்கே வந்தார். இரு என்றேன். மாட்டேன் என்றார். கலாஸ், முடிந்தது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. சத்வாவில் ஒரு போன் கார்டு வாங்கிக் கீழக்கரைக்கு அடித்தான். ஜுலைஹா பீவிதான் எடுத்தார்.

"யாரு, ராக்கப்பன் தம்பியா? நல்லாருக்கீகளா? ஒங்களுக்கு அங்கன ஒண்ணும் தொந்தரவு இல்லயே? வந்ததுலருந்து அவுக ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்காக. இந்தா, குடுக்குறேன்."

மீரா சாகிப் "சொல்லு மாப்ளே" என்றார். குரலில் பழைய உற்சாகம் அப்படியே இருந்தது.

"மாமா, அர்பாப்கிட்டச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவருக்கு மொதல்லயே தெரியுமாம் மாமா. அன்னிக்கே நான் இல்லைன்னு சொல்லியிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காதாம்."

கார்டில் காசு கரைந்துகொண்டிருந்தது. லைன் விட்டுவிட்டதோ என்று "மாமா, மாமா" என்றான்.

"எப்பச் சொன்ன?"

"இன்னிக்குக் காலையில."

"நான் அங்க இருக்கையில சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் மீரா சாகிப்.

நீங்கள்தான் பேசாமல் இருக்கச் சொன்னீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்ததை ராக்கப்பன் விழுங்கிக்கொண்டான். அவ்வளவு மானமாவது அவனுக்கு மிச்சம் இருந்தது.



"சரிங்க தம்பி. ஒடம்பப் பாத்துக்கங்க" என்று மீரா சாகிப் போனை வைத்தார்.